செஸ்னாவா, பைப்பரா, டைமண்டா: அக்கா மகள் எதில் பறக்கக் கற்பது?

மதுரை விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பெருங்குடியில் இருக்கிறது என் அக்கா வீடு. மொட்டைமாடியில் வடகம் காயப்போட்டபடியே, சத்தத்தை வைத்து இது சென்னை விமானம், இன்றைக்கு லேட்டு என்று சொல்லிவிடுவாள். அந்த வீட்டில் வளர்ந்த பெண் விமானி ஆக வேண்டும் என்றதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ப்ளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் எடுத்துத் தேறினாள். மருத்துவப் பரிசோதனையும் முடிந்தது. நம் நாட்டில் வணிக விமானி உரிமம் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த 200 மணி நேரத்துக்காக, ஊமச்சிகுளத்தில் அத்தான் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்கிறார்கள்.

மூன்று பயிற்சிப் பள்ளிகளில் இடம் கிடைக்கிறது. கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. விமானம்தான் வேறு வேறு. ஒன்றில் செஸ்னா 172, இன்னொன்றில் பைப்பர் ஆர்ச்சர், மூன்றாவதில் டைமண்ட் டிஏ40 என்ஜி. "நீதானேடா இரும்போட பொழங்குறவன், எது நல்ல வண்டின்னு பாத்துச் சொல்லு" என்றாள் அக்கா. கப்பலூர் சிட்கோவில் 22 வருடமாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். விமானம் ஓட்டத் தெரியாது. ஆனால் ஒரு பொருளை ஏன் இப்படிச் செய்தார்கள், எங்கே தேயும், எங்கே உடையும் என்று பார்க்கத் தெரியும். இரண்டு மாதம் கையேடுகளையும் விபத்து அறிக்கைகளையும் படித்தேன். பெண்ணைக் கூட்டிக்கொண்டு மூன்று இடத்துக்கும் போய் வந்தேன். பிள்ளைகளை இந்தப் படிப்புக்கு அனுப்ப நினைக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

அக்கா கேட்ட முதல் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். "கத்துக்கிற புள்ள தொப்புனு இறக்குனா எது தாங்கும்?"

இந்தக் கேள்விக்காகவே செய்தது போன்ற விமானம் செஸ்னா 172. அதற்கு முன்னால் 1948ல் வந்த செஸ்னா 170க்கு மூன்றாவது சக்கரம் வாலில் இருந்தது. தரையில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும், ஓட்டுபவருக்கு முன்னால் பாதை தெரியாது. அதைவிடப் பெரிய தொல்லை, பாரம் பிரதான சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பது. ட்ரெய்லரைப் பின்னால் தள்ளும் டிராக்டர்காரருக்கு இது உடனே புரியும். கொஞ்சம் கோணிவிட்டால் தள்ளத் தள்ளக் கோணல் கூடும். வால்சக்கர விமானமும் இறங்கி ஓடும்போது அப்படித்தான் தன்னையே சுற்றிக்கொண்டு ஓரத்தில் போய் நிற்கும். சக்கரத்தை வாலிலிருந்து மூக்குக்கு மாற்றினால் பாரம் பிரதான சக்கரங்களுக்கு முன்னால் வந்துவிடுகிறது. கோணல் தானாக நேராகிறது. பைப்பர் கம்பெனி தன் ட்ரை-பேசரில் இதை முன்பே செய்திருந்தது. செஸ்னா தன் 170ஐ அப்படி மாற்றி, 1955 ஜூனில் பறக்கவிட்டு, 1956ல் 172 என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. இன்றுவரை 44,000க்கு மேல் செய்திருக்கிறார்கள். உலகத்தில் இந்த எண்ணிக்கையில் செய்யப்பட்ட வேறு விமானம் கிடையாது.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் கால். பெரிய விமானங்களின் காலில் எண்ணெயும் காற்றும் அடைத்த குழாய் இருக்கும். செஸ்னாவின் பிரதான கால்களில் அது எதுவுமே இல்லை. வளைந்து கொடுக்கும் எஃகுதான் கால். பந்தய விமானங்கள் கட்டிய ஸ்டீவ் விட்மன் என்பவர் கண்டுபிடித்த முறை இது. அவரிடம் உரிமை வாங்கி, 172க்கு முன்னால் இருந்த விமானங்களிலிருந்தே செஸ்னா பயன்படுத்துகிறது. முதலில் தட்டையான எஃகுப் பட்டையாக இருந்தது, 1970களில் குழாய் வடிவத்துக்கு மாறியது. லாரிக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டை செய்யும் வேலைதான். கசிய எண்ணெய் இல்லை, தேய சீல் இல்லை. தொப்பென்று இறக்கினால் இரண்டு பக்கமும் அகன்று கொடுத்துவிட்டு மறுபடி நிமிர்கிறது. ஹேங்கரில் அந்தக் காலைக் கையால் அழுத்திப் பார்த்தேன். என்னை அறியாமல் ஒரு மரியாதை வந்தது.

மூக்குச் சக்கரம் அப்படி இல்லை. அது எண்ணெய்க் குழாய் ரகம், இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புத் தகட்டோடு சேர்ந்தது. கற்றுக்கொள்பவர்கள் பயந்து மூக்கை முதலில் ஊன்றிவிட்டால் அந்தத் தகடு நெளியும். பழைய பயிற்சி செஸ்னா எதைப் பார்த்தாலும் முதலில் அந்த இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

இந்த விமானம் எவ்வளவு உழைக்கும் என்பதற்கு ஒரு கதை உண்டு. 1958 டிசம்பர் 4 அன்று லாஸ் வேகஸில் ராபர்ட் டிம், ஜான் குக் என்ற இருவர் ஒரு 172ஐ மேலே ஏற்றினார்கள். இறங்கியது 1959 பிப்ரவரி 7 அன்று. 64 நாள், 22 மணி, 19 நிமிடம் தரையைத் தொடவே இல்லை. பாலைவனச் சாலையில் லாரி ஒன்று ஓட, அதற்கு மேலேயே தாழப் பறந்து, கயிறு விட்டுக் குழாயை மேலே இழுத்து எரிபொருள் நிரப்பிக்கொண்டார்கள். சாப்பாடும் அப்படியே போனது. ஒரு ஹோட்டலின் விளம்பரத்துக்காகச் செய்ததுதான். இருந்தாலும் அத்தனை நாள் நிற்காமல் சுற்றிய இன்ஜினை நினைத்தால் பட்டறைக்காரனுக்கு மனம் நெகிழத்தான் செய்யும்.

செஸ்னா என்றதும் கண்ணை மூடிக்கொண்டு சரி சொல்லிவிடக் கூடாது. எந்த வருடத்து விமானம் என்று கேட்க வேண்டும். முதலில் வந்தவற்றில் ஆறு சிலிண்டர், 145 குதிரைத்திறன் கான்டினென்டல் இன்ஜின். 1968 மாடலில் நான்கு சிலிண்டர் லைகோமிங் வந்தது. 1977ல் அதையும் மாற்றி வேறொரு லைகோமிங்கைப் பொருத்தினார்கள். அதில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டும் அதைத் தொடும் பாகங்களும் சீக்கிரம் தேய்ந்தன. 1981 மாடலில் அதைக் கைவிட்டார்கள். 1986ல் 172 செய்வதையே நிறுத்திவிட்டார்கள். விமானத்தில் குறை இருந்து நிறுத்தவில்லை. எத்தனை வருடம் முன்பு விற்ற விமானம் விழுந்தாலும் செய்தவர்மேல் வழக்கு வந்தது, காப்பீட்டுச் செலவு கட்டுக்கு மீறியது. 18 வருடத்துக்கு மேற்பட்ட சிறு விமானங்களுக்குச் செய்தவர்மேல் வழக்குப் போட முடியாது என்று 1994ல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. அதன் பிறகுதான் கான்சாஸில் புதுத் தொழிற்சாலை கட்டி, 1996ல் 172ஆர் வந்தது. 1998ல் 180 குதிரைத்திறனோடு 172எஸ் வந்தது. அதனால் நடுவில் பத்து வருடத்துக்கு 172 என்ற சரக்கே கிடையாது. பள்ளியில் நிற்பது 1986க்கு முந்தியதா, 1996க்குப் பிந்தியதா என்பது ஒரே கேள்வியில் தெரிந்துவிடும். இரண்டும் ஒரே பெயர், ஆனால் ஒரே விமானம் இல்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். செஸ்னாவின் இருக்கை தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும், ஒரு ஊசி துளையில் விழுந்து பூட்டும். துளை தேய்ந்தால் ஊசி பிடிக்காது. விமானம் மூக்கைத் தூக்கி ஏறும் நேரத்தில் இருக்கை சறுக்கிப் பின்னால் போனால், கை பிடித்திருக்கும் யோக்கும், அதாவது விமானத்தின் ஸ்டீயரிங்கும், கூடவே பின்னால் வரும், மூக்கு இன்னும் மேலே போகும். இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. 1987ல் அமெரிக்க விமானத் துறை இந்தத் தண்டவாளத்தை முறையாகச் சோதிக்க வேண்டும் என்று ஆணையே போட்டது. ஓட்டை பெரிதாவது என்பது என் தினசரிப் பிழைப்பு. ஆகவே நாங்கள் பார்த்த விமானத்தில் ஊசியைத் தூக்கி ஒவ்வொரு துளையையும் விரலால் தடவிப் பார்த்தேன். விளிம்பு கூர்மையாகவே இருந்தது.

பைப்பருக்கு வருவோம். மூன்றில் வடிவமைப்புக்காக நான் தலைவணங்குவது இதற்குத்தான். ஆனால் பெண்ணை அனுப்பப் போவதில்லை. இரண்டையும் விளக்குகிறேன்.

1950களின் கடைசியில் பைப்பரிடம் கோமான்சி என்ற அழகான விமானம் இருந்தது. வேகமானது, செய்வதற்குச் செலவு அதிகம். செஸ்னா 172 சந்தையை அள்ளிக்கொண்டு போனபோது, மலிவாகச் செய்யக்கூடிய ஒன்று தேவைப்பட்டது. ஃப்ரெட் வைக், ஜான் தார்ப், கார்ல் பெர்கி என்று மூன்று பேர் அதை வடிவமைத்தார்கள். வைக் சாதாரண ஆள் இல்லை. 1920களில் அரசு ஆய்வுக்கூடத்தில், இன்ஜினை மூடும் உறையை எப்படி அமைத்தால் காற்றின் தடை குறையும் என்று கண்டுபிடித்த குழுவின் தலைவர். 1930களில், ஓட்டுபவர் எவ்வளவு தவறு செய்தாலும் சுழன்று விழாத எர்கூப் என்ற சிறு விமானத்தைச் செய்தவர். தார்ப் ஏற்கெனவே வடிவமைத்திருந்த ஒரு குட்டி விமானத்தின் சாயல் புது விமானத்தில் அப்படியே இருக்கிறது. 1960 ஜனவரி 14 அன்று அது பறந்தது. பெயர் செரோக்கி. ஃபுளோரிடாவில் வெரோ பீச் என்ற ஊரில் அதற்கெனத் தொழிற்சாலை வந்தது.

அதன் இறக்கையை மேலிருந்து பார்த்தால் மரப்பலகை போல ஒரே அகலம். அழகுக்காக ஓரத்தில் குறுக்கவில்லை. அதனால் உள்ளே இருக்கும் விலாத் தகடுகளை ஒரே அச்சில் அடித்துவிடலாம். ஒரு டை செய்ய எத்தனை நாள், எவ்வளவு காசு என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். வாலில் நிலையான பாகம், அசையும் பாகம் என்று இரண்டு வேண்டாம், முழுப் பலகையே அசையட்டும் என்றார்கள். அங்கே பாதி வேலை மிச்சம். மெதுவாகப் பறந்து இறங்குவதற்காக இறக்கையின் பின்விளிம்பில் கீழே சாயும் ஃபிளாப்பை இறக்க மோட்டார் வேண்டாம், கார் ஹேண்ட்பிரேக் போல ஒரு கைப்பிடி போதும் என்றார்கள். கதவு ஒன்றுதான், வலப்பக்கம். எதைச் சேர்க்கலாம் என்று யோசிப்பது எளிது. எதை எடுத்துவிட்டால் ஒன்றும் கெடாது என்று தெரிய முழு விமானமும் மனதுக்குள் இருக்க வேண்டும். 1974ல் வாரியர் என்ற மாடலில் ஓரம் குறுகும் நீண்ட இறக்கை வந்தது, பிறகு இதே செரோக்கி குடும்பத்து ஆர்ச்சருக்கும் அதுவே வந்தது. அடிப்படை மாறவில்லை. 30,000க்கு மேல் செய்துவிட்டார்கள்.

அப்படியானால் ஏன் வேண்டாம் என்கிறேன்?

சென்ற வருடம் ஒரு நூற்பாலையிலிருந்து உடைந்த ஷாஃப்ட் ஒன்று பட்டறைக்கு வந்தது. உடைந்த முகத்தை டீசலில் கழுவி வெயிலில் திருப்பிப் பார்த்தேன். சாவி வெட்டின் மூலையில் தொடங்கி, ஈர மணலில் அலை விட்டுப்போகும் கோடு போல வளைவு வளைவாக வரிகள். முக்கால் பாகம் வழவழப்பு, கடைசிக் கால் பாகம் மட்டும் உடைத்த வெல்லம் மாதிரி சொரசொரப்பு. வழவழப்பாக இருப்பது மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்த விரிசல். சொரசொரப்பு கடைசி நொடியில் முறிந்தது. அந்த ஷாஃப்ட் முதல் நாள் வரை நன்றாகத்தான் ஓடியது.

2018 ஏப்ரலில் ஃபுளோரிடாவில் ஒரு பயிற்சி விமானம், செரோக்கி குடும்பத்தைச் சேர்ந்த ஏரோ (Arrow) என்ற மாடல், பறந்துகொண்டிருக்கும்போதே இடது இறக்கை கழன்று விழுந்தது. உள்ளே இருந்த இருவரும் இறந்தார்கள். 2007ல் செய்த விமானம், பழசுகூட இல்லை. இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாரில், உடலோடு சேர்க்கும் போல்ட் துளையில் தொடங்கிய சோர்வு விரிசல்தான் காரணம் என்று விசாரணை சொன்னது. அறிக்கையில் இருந்த படத்தைப் பார்த்ததும் அந்த ஷாஃப்ட் நினைவுக்கு வந்தது. அதே வரிகள். அதன் பிறகு, பயிற்சியில் அதிகம் அடிபட்ட விமானங்களில் போல்ட்டைக் கழற்றி, துளைக்குள் சுழல் மின்னோட்டக் கருவியை விட்டுப் பார்க்க வேண்டும் என்று 2021 தொடக்கத்தில் ஆணை வந்தது. அதைச் செய்துவிட்டால் பயமில்லை. வடிவமைப்பின் மேல் எனக்குக் கோபமும் இல்லை. ஒரே நாளில் இருபது முறை இறங்கி ஏறும் பயிற்சி வாழ்க்கையை எந்த உலோகமும் கணக்கு வைத்துக்கொள்ளும். ஆனால் நாங்கள் போன பள்ளியில் இந்தச் சோதனைப் பதிவைக் காட்டுங்கள் என்றபோது, "அதெல்லாம் ஆபீசுல இருக்கும் சார்" என்றார்கள். மறுநாளும் காட்டவில்லை. அவர்களுடைய விமானங்களுக்கு அந்தச் சோதனை தேவைப்படாமலும் இருக்கலாம். அப்படியானால் அதை எழுத்தில் காட்டியிருக்கலாம்.

பைப்பரின் இன்னொரு குணத்தையும் சொல்ல வேண்டும். இறக்கை கீழே இருப்பதால் பெட்ரோல் தானாக இன்ஜினுக்கு இறங்காது, பம்ப் இழுக்க வேண்டும். இடது டாங்கி, வலது டாங்கி என்று மாற்றி மாற்றித் திருப்ப வேண்டும், இரண்டும் சேர்ந்து என்ற நிலையே வால்வில் இல்லை. செஸ்னாவில் இறக்கை மேலே, வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி. இரண்டு டாங்கியும் சேர்ந்து இறங்க ஒரு நிலை உண்டு. மறதிக்காரருக்கு செஸ்னா நல்லது. ஆனால் மறக்காமல் இருக்கப் பழக்குவது பைப்பர். நாங்கள் பார்த்த ஆர்ச்சரில் கார்புரேட்டர் இருக்கிறது. நம் ஊர் வெயிலிலும் ஐப்பசி ஈரக் காற்றில் கார்புரேட்டருக்குள் பனி கட்டும் என்றால் பலர் நம்புவதில்லை. பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே 20 டிகிரிக்கும் மேல் குளிர்ந்துவிடும். வெளியே 25 டிகிரி இருந்தாலும் உள்ளே உறையலாம். அதைக் கவனிக்கப் பழகுவது ஒரு விமானிக்குச் சொத்து.

மூன்றாவது டைமண்ட். இதன் பூர்வீகம் கிளைடர். ஆஸ்திரியாவில் ஹாஃப்மன் என்பவரின் கம்பெனி 1980ல் டிமோனா என்ற மோட்டார் வைத்த கிளைடரைச் செய்தது. கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து அச்சில் வார்த்த உடல். அந்தக் கம்பெனிதான் கைமாறி வளர்ந்து டைமண்ட் ஆனது. முதலில் இரண்டு பேர் உட்காரும் கட்டானா, அப்புறம் நான்கு பேருக்கான டிஏ40. 1997 நவம்பரில் முதலில் பறந்தது. கரூரில் பஸ் பாடி கட்டுவதுபோல் தகடும் ரிவெட்டும் வைத்துக் கட்டியவை செஸ்னாவும் பைப்பரும். டைமண்டில் ஒரு ரிவெட் வரிசையைக்கூடப் பார்க்க முடியாது, முட்டை ஓடு மாதிரி வழவழப்பு. எரிபொருள் டாங்கியை இறக்கையில் இரண்டு ஸ்பார்களுக்கு நடுவே பத்திரமாக வைத்திருக்கிறார்கள். மோதினாலும் சட்டென்று கிழியாது. இது ஒரு தகப்பனுக்கு மிகவும் ஆறுதலான விஷயம்.

அதன் இன்ஜின் கதை தனி. விமானப் பெட்ரோல் விலை அதிகம், எல்லா இடத்திலும் கிடைக்காது. நம் நாடு அதை நெடுநாள் இறக்குமதிதான் செய்தது, இந்தியன் ஆயில் உள்நாட்டிலேயே செய்யத் தொடங்கியது 2022ல். பயணிகள் விமானத்துக்கு ஊற்றும் ஜெட் எரிபொருளோ எல்லா விமான நிலையத்திலும் உண்டு. அதைக் குடிக்கும் டீசல் இன்ஜினை ஜெர்மனியின் தீலெர்ட் கம்பெனி மெர்சிடிஸ் கார் இன்ஜினிலிருந்து உருவாக்க, 2002ல் டைமண்ட் அதைப் பொருத்தியது. 2007ல் ஜெர்மனியின் ஷ்பையர் ஊரில், இரட்டை இன்ஜின் டைமண்ட் டிஏ42 ஒன்றை, பேட்டரி இறங்கிப்போனதால் வெளி மின்சாரம் கொடுத்துக் கிளப்பி மேலே ஏற்றினார்கள். சக்கரத்தை உள்ளே இழுத்ததும் மின்னழுத்தம் சரிந்தது, இன்ஜினை ஆளும் கணினிகள் ஒரு நொடி தடுமாறின, இரண்டு இன்ஜினும் நின்றுவிட்டன. உள்ளே இருந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். 2008ல் தீலெர்ட் திவாலானது. உதிரிபாகத்துக்கு உலகம் முழுக்கத் திண்டாட்டம். டைமண்ட் தன் சொந்த இன்ஜின் கம்பெனியான ஆஸ்ட்ரோவை முன்னே கொண்டுவந்து, அதுவும் மெர்சிடிஸ் டீசலை அடிப்படையாகக் கொண்ட 168 குதிரைத்திறன் இன்ஜினுக்கு 2009ல் அங்கீகாரம் வாங்கியது. அந்த இன்ஜினோடு வந்ததுதான் எங்களுக்குக் காட்டிய டிஏ40 என்ஜி. இன்ஜின் கணினிக்கென்று தனியாக ஒரு பேட்டரியும் இருக்கிறது. அடிபட்டுத் திருந்திய கம்பெனி என்பது என் மதிப்பீடு.

ஓட்ட எளிது. ஒரே ஒரு லீவர். முன்னே தள்ளினால் வேகம், பின்னே இழுத்தால் மெது. காற்று எவ்வளவு, எரிபொருள் எவ்வளவு, புரொப்பெல்லர் எந்தக் கோணம் என்பதையெல்லாம் கணினி பார்த்துக்கொள்ளும். செஸ்னாவிலோ காற்றோடு பெட்ரோல் கலக்கும் அளவை மாற்றும் மிக்சர் குமிழை மெல்ல இழுத்து, இன்ஜின் சத்தத்தையும் சூட்டையும் கவனித்துத் தானே சரிசெய்ய வேண்டும். தீப்பொறிக்கு மேக்னட்டோ. பேட்டரி செத்தாலும் பழைய டிவிஎஸ் 50ஐ மிதித்துக் கிளப்பினோமே, அந்த ஜாதி. ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின் வேறு யாரையும் நம்பவில்லை. கற்றுக்கொள்ளும் வயதில் இன்ஜினோடு பேசப் பழகட்டும் என்று நினைக்கிறேன். கணினியை நம்பும் விமானங்கள் அவள் வாழ்க்கை முழுக்க வரத்தான் போகின்றன.

மதுரை வெயிலில் வளர்ந்தவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பிசினால் செய்த உடல் சூடேறினால் இளகும். அதனால்தான் இந்த ரக விமானங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளைப் பெயின்ட். மேலே முழுக்கக் கண்ணாடிக் கூடு, தரையில் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு நகரலாம் என்றாலும், பங்குனி மதியத்தில் ஓடுபாதை முனையில் அனுமதிக்காகக் காத்திருப்பது சும்மா இல்லை. செஸ்னாவின் இறக்கை தலைக்கு மேல் பந்தல் போட்டது மாதிரி, ஜன்னலும் திறக்கும். அப்புறம் ரிப்பேர். தகடு கிழிந்தால் ஒட்டுத் தகடு வைத்து ரிவெட் அடிக்கும் கை இந்த நாட்டில் எங்கும் உண்டு. இழை உடலில் அடிபட்டது சில சமயம் வெளியே தெரியாது, பிசினைச் சரியான சூட்டில் ஆறவிடத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆள் வரும்வரை விமானம் நிற்கும். விமானம் நின்றால் 200 மணி நேரம் இரண்டு வருடமாக நீளும். விடுதிச் செலவு யார் கட்டுவது?

பெண்ணுக்கு வேறு ஆசை இருந்தது. "மாமா, பாராசூட் வெச்ச விமானம் இருக்குல்ல, சிரஸ், அதுல கத்துக்கலாமா?" என்றாள். விமானத்தையே பாராசூட்டில் இறக்கும் எஸ்ஆர்20 அது. 1985ல் வானத்தில் இன்னொரு விமானத்தோடு மோதி, உடைந்த இறக்கையோடு உயிர்தப்பிய ஆலன் கிளாப்மையர், தன் தம்பியோடு சேர்ந்து செய்தது. 1998ல் அங்கீகாரம் கிடைத்தது. பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகத்தின் ஹன்சா என்ற சிறு விமானமும் என் மனதில் இருந்தது, நம் ஊர்க்காரர்கள் செய்தது என்ற பாசம். இரண்டுமே எங்களுக்கு இடம் கிடைத்த பள்ளிகளில் இல்லை. அதோடு விட்டுவிட்டோம்.

கடைசியில் படிப்பைவிட உட்கார்ந்து பார்த்ததுதான் முடிவைத் தந்தது. அவள் உயரம் ஐந்தடி ஒன்று. டைமண்டில் இருக்கை நகராது, மிதியைத்தான் அருகே இழுத்துக்கொள்ள வேண்டும். இழுத்துக்கொண்டாள், நன்றாகவே எட்டியது, நாலாபுறமும் தெரிந்தது. முகம் மலர்ந்துவிட்டது. பைப்பரில் வலப்பக்கக் கதவு வழியாக ஏறி இடப்பக்கம் நகர்ந்து உட்கார வேண்டும், முதுகுக்குத் தலையணை வைத்தும் வலது மிதியை முழுக்க அழுத்தும்போது இடுப்பு நழுவியது. செஸ்னா 172எஸ்ஸில் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி இருக்கையை உயர்த்தினோம். முன்னே தள்ளிப் பூட்டியதும் பாதம் முழுசாக ஊன்றியது, மூக்குக்கு மேலே ஓடுபாதையும் தெரிந்தது. இறக்கை மேலே இருப்பதால் திரும்பும்போது அந்தப் பக்கம் வானம் மறையும் என்று பயிற்சியாளர் சொன்னார். உண்மைதான். திரும்பும் முன் இறக்கையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பு என்று அதையே பாடமாக வைத்திருக்கிறார்கள்.

இறங்கியதும் மெக்கானிக் ஒருவர் அவள் கையில் சின்னப் பிளாஸ்டிக் குவளையைக் கொடுத்தார். இறக்கைக்கு அடியில் குவளையின் முள்ளை வால்வில் வைத்து அழுத்தினால் பெட்ரோல் சொட்டும். வெளிர் நீலம், ஊதா சோப்பு நீர் மாதிரி. வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். அடியில் கடுகளவு ஒரு தெளிந்த குமிழ் உருண்டது. தண்ணீர். "இது இன்ஜினுக்குப் போனா என்னம்மா ஆகும்?" என்று கேட்டார். குமிழ் வராத வரைக்கும் மறுபடி மறுபடி பிடித்தாள். ஒவ்வொரு இறக்கையிலும் ஐந்து, இன்ஜின் பக்கம் மூன்று, மொத்தம் 13 இடம். பதின்மூன்றையும் குனிந்து குனிந்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். மற்ற இரண்டு பள்ளியிலும் எங்களை யாரும் விமானத்தைத் தொடவிடவில்லை.

ஆகவே செஸ்னாதான் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். டைமண்ட் இரண்டாவது. செஸ்னாப் பள்ளியில் இருப்பவை 1986க்கு முந்தியவையாக இருந்திருந்தால் டைமண்டைத்தான் சொல்லியிருப்பேன், வெயிலையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று. அத்தானுக்கு இன்னும் டைமண்ட் மேல்தான் கண். "புதுசுல்ல மாப்ள" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் உட்காரப் போகிறவள் செஸ்னா என்கிறாள்.

திங்கட்கிழமை முதல் தவணை கட்டுகிறோம். அதற்கு முன்னால் மூன்று காகிதம் கேட்டிருக்கிறேன்: அவள் ஓட்டப்போகும் விமானங்களின் வருடம், இன்ஜின் மொத்தப் பழுதுபார்ப்புக்கு இன்னும் எத்தனை மணி நேரம், இருக்கைத் தண்டவாளத்தைக் கடைசியாகச் சோதித்த தேதி. முதல் இரண்டும் நேற்று வந்துவிட்டன.